ஆத்துச் சேற்றில் ஐதரசன்: பற்றீரியாப் படலங்களும் ஒரு நொதியமும்

வாவியில் தண்ணி வற்றும் மாதங்களில் கல்லடிப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள கரையோரம் இறங்கி நடந்தவர்களுக்கு அந்தச் சேற்றைத் தெரியும். கண்ணா மரங்களின் அடியில் காலை வைத்தால் முழங்கால் மட்டும் புதையும். அழுகிய முட்டை வாடை வரும். காலை இழுத்தெடுத்த குழியிலிருந்து புளுக் புளுக் என்று குமிழிகள் கிளம்பும். அந்தக் குமிழிக்குள் இருப்பது பெரும்பாலும் மெதேன், காபனீரொட்சைட்டு, கூடவே கொஞ்சம் ஐதரசன் சல்பைட்டு. வாடை கடைசியாகச் சொன்னதனுடையது. தனி ஐதரசன் வாயுவை அதில் தேடினால் கிடைப்பது அரிது. ஆனால் அந்தச் சேற்றுக்குள் இராப்பகலாக ஐதரசன் உண்டாகிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் அது எங்கே போகிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

தமிழ் படிப்பிக்கிற வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசையிலும் காஸ் வரிசையிலும் நின்ற எல்லோரையும் போல எரிபொருள் பற்றி நானும் யோசித்தேன் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எங்கட உயர்தரப் பிள்ளைகள் இந்தச் சங்கதிகளைத் தமிழில் வாசிக்க எதுவும் இல்லை என்று குறைப்படுவது. சொற்களில் நான் எங்கட பாடப்புத்தக வழக்கையே கொள்கிறேன். தமிழ்நாட்டார் ஹைட்ரஜன் என்பதை நாம் ஐதரசன் என்கிறோம், அவர்களுடைய என்சைம் எங்களுக்கு நொதியம். ஐதரசன் என்ற கிரேக்கச் சொல்லின் பொருளே நீரைப் பிறப்பிப்பது என்பதுதான். அது எரிந்தால் மிஞ்சுவது தண்ணீர், புகையோ கரியோ இல்லை. இந்த வாயுவின் மேல் உலகத்துக்கு இவ்வளவு ஆசை வந்ததற்கு அதுதான் காரணம்.

இன்றைக்கு உலகில் தயாராகும் ஐதரசனில் மிகப் பெரும்பகுதி இயற்கை வாயுவிலும் நிலக்கரியிலும் இருந்து எடுக்கப்படுவது. அதாவது எரிக்கும் இடத்தில் புகை இல்லை, எடுக்கும் இடத்தில் புகை இருக்கிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்தும் எடுக்கலாம், அதற்கு மின்சாரம் நிறைய வேண்டும். மூன்றாவது வழி பற்றீரியாக்களினுடையது.

பற்றீரியா ஏன் ஐதரசன் விட வேண்டும்? நாம் சோறு தின்று சக்தி எடுக்கும்போது, அந்த உணவிலிருந்து கழற்றப்படும் இலத்திரன்கள் கடைசியில் நாம் மூச்சில் இழுத்த ஒட்சிசனிடம் போய்ச் சேருகின்றன. சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லை. அங்கே வாழும் பற்றீரியாவுக்குச் சாப்பாடு கிடைக்கிறது, இலத்திரனை இறக்கி வைக்கத்தான் இடம் இல்லை. இறக்கி வைக்காவிட்டால் அடுத்த கவளம் உள்ளே போகாது. தண்ணீரில் எப்போதும் இருக்கும் ஐதரசன் அயன்கள் இரண்டைப் பிடித்து, இரண்டு இலத்திரனை அவற்றின் தலையில் கட்டி, ஐதரசன் மூலக்கூறாக வெளியே தள்ளிவிடுகிறது. நமக்கு எரிபொருள், அதற்குக் குப்பை.

இந்த வேலையைச் செய்யும் நொதியத்தின் பெயர் ஐதரசனேசு. 1931ல் கேம்பிரிட்ஜில் மார்ஜரி ஸ்டீபன்சன் என்ற அம்மையாரும் லெனாட் ஸ்டிக்லாண்ட் என்பவரும் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஸ்டீபன்சன் ஆராய்ச்சிக்கு வருமுன் மனையியல் படிப்பித்த ஆசிரியை. பீட் கிழங்குச் சீனி ஆலையின் கழிவு கலந்து நொதித்துக் கிடந்த ஊஸ் ஆற்றின் பற்றீரியாக்கள்தான் அவரை இந்தப் பக்கம் இழுத்தன. லண்டன் றோயல் சொசைட்டி பெண்களை உறுப்பினராக ஏற்ற முதல் ஆண்டான 1945ல் தெரிவான இருவரில் அவர் ஒருவர். ஆலைக் கழிவு விழுந்த ஆற்றுச் சேற்றைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போகாதவர்.

ஐதரசனேசின் நடுவில் இருப்பது இரும்பு. சில வகைகளில் இரும்போடு நிக்கலும். பிளாற்றினம் என்ற விலையுயர்ந்த உலோகம் ஆய்வுகூடத்தில் செய்யும் அதே வேலையை இந்த நொதியம் மலிந்த இரும்பைக் கொண்டு செய்கிறது. நல்ல வகையொன்றின் ஒரே ஒரு மூலக்கூறு ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான ஐதரசன் மூலக்கூறுகளை ஆக்கும். இன்னொரு புதினம் கேளுங்கள். அந்த இரும்பு அணுவைச் சுற்றிக் காபனோரொட்சைட்டும் சயனைட்டும் கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டும் நம்மைக் கொல்லும் நஞ்சு. 1990களில் அந்த நொதியத்தின் அமைப்பைப் படம் பிடித்துப் பார்த்தபோதுதான் இது உறுதியாயிற்று. ஆனால் அதற்கே நஞ்சாக இருப்பது வேறொன்று: நாம் மூச்சு விடும் ஒட்சிசன். இந்த நொதியங்களில் பலவற்றுக்குக் கொஞ்சம் காற்றுப் பட்டாலும் போதும், வேலை நின்றுவிடும். மிக வேகமான வகைகள்தான் மிக எளிதாகக் கெட்டும் போகின்றன.

இங்கேதான் படலம் வருகிறது. பற்றீரியாக்கள் தனித்தனியே நீந்தித் திரிகின்றன என்றுதான் பள்ளிக்கூடத்துப் படங்கள் நமக்குப் பழக்கியிருக்கின்றன. உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை எங்காவது ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரந்த வழுவழுப்பான பசைக்குள் கூட்டமாகக் குடியிருப்பவை. இதைத்தான் உயிர்ப்படலம் என்கிறோம். பள்ளிவாசல் ஹவ்ழின் உள்சுவரைக் கையால் தடவினால் வழுக்குகிறதே, அது. தோணியின் அடிப்பலகையில் முதலில் படிவது அது. காலையில் எழும்பியதும் பல்லில் நாக்கை வைத்தால் தட்டுப்படும் மெல்லிய பூச்சும் அதுவே. மிஸ்வாக்கால் தேய்த்து நாம் அகற்றுவது ஓர் உயிர்ப்படலத்தை. ஒல்லாந்தைச் சேர்ந்த லீவன்ஹூக் 1683ல் தன் பல்லைச் சுரண்டி எடுத்ததைத் தானே செய்த கண்ணாடி வில்லையில் பார்த்து, அதற்குள் உயிர்கள் அசைவதைக் கடிதமாக எழுதினார்.

படலத்தின் மேல்தட்டில் இருப்பவை காற்றிலுள்ள ஒட்சிசனைத் தின்று தீர்த்துவிடும், அடித்தட்டுக்கு அது போய்ச் சேராது. ஒட்சிசன் பட்டால் கெடும் நொதியத்தை வைத்திருப்பவைக்கு இதைவிட நல்ல வீடு இல்லை. தொழிற்சாலைக்காரருக்கும் இதில் லாபம் உண்டு. தொட்டிக்குள் கழிவுநீரை ஒரு பக்கத்தால் விட்டு மறுபக்கத்தால் எடுக்கும்போது நீந்தித் திரியும் பற்றீரியா தண்ணியோடு அடித்துக்கொண்டு போய்விடும். ஒட்டியிருப்பது போகாது.

இந்த ஒட்டவைக்கும் வேலைக்கு எது நல்லது என்று ஐ.ஐ.டி. கரக்பூரில் தேபப்ரத தாஸும் நரேந்திர குமாரும் பார்த்தார்கள். 2001ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் வைக்கோல், கரும்புச் சக்கை, தென்னந்தும்பு என்று மூன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பற்றீரியாவை அதிகம் பிடித்து வைத்தது தும்பு. தும்பு அடிக்கிற ஊர்க்காரருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது, சொரசொரப்பானது, தண்ணியில் கிடந்தாலும் லேசில் உக்காது. அவர்களுக்கு வந்த தலையிடி வேறு: உண்டான வாயு தும்புக்குள்ளேயே குமிழியாகச் சிக்கி நின்று, கழிவுநீர் பற்றீரியாவிடம் போக விடாமல் தடுத்தது. அதற்காகப் பாத்திரத்தின் வடிவத்தையே மாற்றி, நடுவில் அகன்று நுனிகளில் ஒடுங்கும்படி செய்தார்கள். வாயு வெளியேற, உற்பத்தி கூடியது. பரம்பரையலகில் கைவைக்காமல், பாத்திரத்தை மாற்றிக் கிடைத்த பலன். எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்ததற்கு அதுவே காரணம்.

இனி முதல் கேள்விக்கு வருவோம், ஐதரசன் எங்கே போகிறது? பக்கத்தில் இருப்பவர்கள் தின்றுவிடுகிறார்கள். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது போலத்தான் படலத்துக்குள்ளும். ஒருவர் முன்னால் விழுந்தது அடுத்தவர் வாய்க்குப் போகும். ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து மெதேன் ஆக்கிச் சீவிக்கும் உயிர்கள் ஒரு கூட்டம். உப்புத்தண்ணியில் இன்னொரு கூட்டம் முந்திக்கொள்ளும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது, அதையும் ஐதரசனையும் கொண்டு ஐதரசன் சல்பைட்டு ஆக்குபவை அவை. முகத்துவாரத்தால் கடல் ஏறும் எங்கட வாவிச் சேறு நாறுவதற்குக் காரணம் இவர்கள்தான்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு விஞ்ஞானிகளே ஏமாந்த கதையொன்று உண்டு. அற்ககோலைத் தின்று மெதேன் விடும் ஓர் உயிரை ஆய்வுகூடங்களில் பல வருசம் வளர்த்து, அதற்கு ஒரு விஞ்ஞானப் பெயரும் வைத்திருந்தார்கள். 1967ல் அமெரிக்கரான பிரையண்டும் கூட்டாளிகளும் அது ஒன்றல்ல, இரண்டு என்று காட்டினார்கள். ஒன்று அற்ககோலை உடைத்து ஐதரசன் விடுவது, மற்றது அந்த ஐதரசனை உடனே பிடித்து மெதேன் ஆக்குவது. பின்னது எடுத்துக்கொண்டே இருந்தால்தான் முன்னதுக்கு அந்தச் சாப்பாட்டில் உயிர்வாழ முடியும். ஐதரசன் தேங்கினால் அதற்கு மூச்சுத் திணறும்.

எனவே மனிதன் ஐதரசன் வேண்டுமென்றால் இந்தச் சஹனில் இருந்து சிலரை எழுப்பிவிட வேண்டும். எளிய வழி, சேற்றை அவிப்பது! மெதேன் ஆக்கும் உயிர்கள் கொதிக்கும் சூட்டில் செத்துப்போகும். ஐதரசன் விடும் குளொஸ்ரீடியம் இனம் கடினமான வித்துகளுக்குள் ஒடுங்கித் தப்பிக்கும். சூடு ஆறியதும் தொட்டி அவற்றுக்குச் சொந்தம். கொஞ்சக் காலத்துக்கு. பிறகு வெளியிலிருந்து வரும் கழிவுநீரோடு பழையவர்கள் திரும்பவும் வந்து அமர்ந்துவிடுவார்கள்.

கடினமான வழி, பற்றீரியாவின் பரம்பரையலகுகளைத் திருத்துவது. நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பற்றீரியாவிடம் ஐதரசனேசு ஒன்றுக்கு மேல் இருக்கிறது. மூன்றாம் இலக்கத்தது ஐதரசனை ஆக்கும், முதலாவதும் இரண்டாவதும் அதைத் திரும்ப உறிஞ்சும். அயலவர் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள்ளேயே தின்பவர் இருக்கிறார் என்று அர்த்தம். அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் தோமஸ் வூட், தொஷினாரி மயேதா ஆகியோரின் குழு 2008ல் அந்த இரண்டு உறிஞ்சிகளையும் நீக்கியது. ஆக்கும் நொதியத்துக்குக் கடிவாளம் போடும் பரம்பரையலகையும் நீக்கி, அதை ஊக்குவிக்கும் பரம்பரையலகைக் கூட்டிவிட்டது. போமிக் அமிலத்தின் உப்பைக் கொடுத்தபோது முன்பிருந்ததை விட 141 மடங்கு ஐதரசன் கிடைத்தது. பத்திரிகைகளுக்கு இப்படியான எண் என்றால் போதும். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: குளுக்கோசைக் கொடுத்தபோது, ஒரு பங்கு குளுக்கோசிலிருந்து கிடைக்கும் ஐதரசனின் அளவு கூடியது 50 சதவீதம் மட்டுமே. எங்கள் ஊர்க் கழிவில் இருப்பது சீனியும் மாச்சத்தும், போமிக் அமிலம் அல்ல. 141ஐ மட்டும் சொல்லி 50ஐ விட்டுவிடுவது பாதி உண்மை.

அதே குழு நொதியத்தையும் விட்டு வைக்கவில்லை. மூன்றாம் ஐதரசனேசுக்குரிய பரம்பரையலகை வேண்டுமென்றே பிழைபிழையாகப் பிரதியெடுத்து, பிறந்த வடிவங்களில் எது கூடுதலாக வாயு விடுகிறது என்று சலித்து எடுத்தார்கள். 30 மடங்கு வரை கூடுதலாக விட்டவை கிடைத்தன. தேறியவற்றில் வால் பக்கம் வெட்டுப்பட்டுப் பிறந்த ஒன்றும் இருந்தது. எழுத்துப்பிழையில் நல்ல சொல் பிறந்த மாதிரி. பிறகு 2012ல் வூட்டின் குழு படலத்தையே ஏவல் கேட்க வைத்தது. முதலில் ஒரு வகைப் பற்றீரியா படலம் கட்டும். இரண்டாவது வகை வந்து குடியேறி, ஓர் இரசாயனச் சமிக்ஞையால் முதல் கூட்டத்தைக் கலைந்துபோக வைக்கும். பின்னர் ஒரு மருந்தைச் சேர்த்தால் இரண்டாவதும் கலையும். தொட்டியைத் திறக்காமலே உள்ளே வேலை செய்பவரை மாற்ற இது வழி காட்டுகிறது. செய்து காட்டியது தொட்டியில் அல்ல, மயிரிழை போன்ற கால்வாய்கள் கொண்ட ஒரு சிறு கருவிக்குள்.

இவை எல்லாம் ஆய்வுகூடக் கணக்கு. தொட்டிக் கணக்கு வேண்டுமென்றால் எங்களுக்கு மிகக் கிட்டிய இடம் சென்னை. அங்குள்ள முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டி. எம். வத்சலாவும் உடன் ஆய்வாளர்களும் கரும்பு வடிசாலைக் கழிவுநீரை 100 கனமீற்றர் அளவில் வைத்துச் செய்து பார்த்து 2008ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லட்சம் லீற்றர். எரிபொருள் கொண்டுவரும் 33,000 லீற்றர் பவுசர் மூன்று நிரம்பும் அளவு. மூன்று வகைப் பற்றீரியாக்களைச் சேர்த்துப் போட்டார்கள், இரண்டு இருட்டில் சீனியை உடைப்பவை, மூன்றாவது மிஞ்சும் அமிலங்களையும் வெளிச்சத்தின் உதவியால் ஐதரசன் ஆக்கக்கூடிய ஊதாப் பற்றீரியா. பரம்பரையலகுத் திருத்தம் இல்லை, சேர்மானம்தான் அவர்களுடைய கெட்டித்தனம். 40 மணித்தியாலத்தில் 21.38 கிலோகிராம் ஐதரசன் கிடைத்தது.

அது கூடவா குறைவா? நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. ஒரு கிலோ ஐதரசன் எரிந்தால் வரும் வெப்பம், ஒரு கிலோ சமையல் காஸ் தருவதைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அப்படிப் பார்த்தால் 21.38 கிலோ என்பது 12.5 கிலோ சிலிண்டர் நாலரைக்குச் சமம். ஒரு லட்சம் லீற்றர் தொட்டி, ஒன்றே முக்கால் நாள் வேலை, நாலரை சிலிண்டர். காசைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் கழிவு இலவசம், அதை எப்படியும் சுத்தம் செய்துதான் ஆகவேண்டும் என்று பார்த்தால் கணக்கு மாறும்.

ஏன் இவ்வளவுதான் வந்தது? அவர்களுக்கு ஒரு குளுக்கோசு மூலக்கூறுக்குச் சராசரி 2.76 ஐதரசன் மூலக்கூறு கிடைத்தது. இருட்டில் நொதிக்கும் பற்றீரியாவால் ஆகக்கூடியது 4. அதற்கு மேல் போனால் அதற்கே பிழைக்கச் சக்தி மிஞ்சாது. ஆக 2.76 நல்ல பெறுபேறு. ஆனால் குளுக்கோசை முழுவதும் பிரித்தால் 12 கிடைக்க வேண்டும். மற்றதெல்லாம் அசற்றிக் அமிலம் போன்றவையாகத் தண்ணியிலேயே தங்கிவிடுகிறது. சீனியில் இருந்த சக்தியில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் ஐதரசனாக வெளியே வந்திருக்கிறது. அதே சீனியை மெதேன் ஆக்கும் உயிர்களிடம் விட்டால் தொண்ணூறு வீதத்துக்கு மேற்பட்ட சக்தி மெதேனுக்குள் போகும். மெதேனை விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்வி இதுதான், அதற்கு ஐதரசன்காரர்கள் கண்ட சமாதானமும் இதிலிருந்தே வருகிறது: முதல் தொட்டியில் ஐதரசனை எடு, மிஞ்சிய அமிலத் தண்ணியை அடுத்த தொட்டிக்கு விட்டு மெதேன் எடு.

மிஞ்சிய அமிலத்தில் இருந்தும் ஐதரசனே எடுக்க இன்னொரு உபாயம் 2005ல் வந்தது. காபன் தகட்டில் படலமாக ஒட்டிக்கொண்டு, இலத்திரன்களை நேரே தகட்டுக்குக் கொடுக்கும் பற்றீரியாக்கள் இருக்கின்றன. அந்தத் தகட்டோடு இன்னொரு தகட்டை இணைத்து, வெளியிலிருந்து கொஞ்சம் மின்னழுத்தம் கொடுத்தால் அந்த மறு தகட்டில் ஐதரசன் கிளம்பும். தண்ணீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவிலேயே 1.23 வோல்ற்று வேண்டும். இங்கே பற்றீரியா பாதி வேலையைச் செய்துவிடுவதால் நடைமுறையில் 0.2 வோல்ற்றுக்குச் சற்று மேலேயே வேலை தொடங்கிவிடும். சூரியத் தகடு ஒன்றிருந்தால் போதும் என்று தோன்றும். கலிபோர்னியாவில் ஒரு மது ஆலையின் கழிவுநீரைக் கொண்டு 1,000 லீற்றர் அளவில் இதைச் செய்து 2011ல் முடிவு எழுதினார்கள். வந்த வாயுவில் ஏறத்தாழ 86 வீதம் மெதேன்! படலத்துக்குள் அந்தப் பழைய கூட்டம் வந்து சேர்ந்து, உண்டான ஐதரசனைத் தின்று முடித்திருந்தது. கல்லடிச் சேற்றில் நடப்பதே கலிபோர்னியாவின் இயந்திரத்துக்குள்ளும் நடந்தது.

எங்கட பக்கத்தில் இதற்குப் பொருத்தமான கழிவு எது என்று என்னிடம் கேட்டால் நெல் அவிக்கும் மில்களின் ஊறல் தண்ணியைத்தான் சொல்வேன். நெல்லை ஊறவைத்து வடிக்கும் அந்தத் தண்ணியில் சீனியும் மாச்சத்தும் கரைந்து கிடக்கின்றன. ஒரே நாளில் புளித்து நுரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வாய்க்காலால் வாவிக்கு இறங்கினால் அங்குள்ள ஒட்சிசனைப் பற்றீரியாக்கள் தின்று தீர்க்கும், மீன் மூச்சுக்குத் தவிக்கும். நல்ல தண்ணியில் ஊறவைத்ததாக இருப்பதால் சல்பேற்றுத் தொல்லையும் குறைவு. வாவித் தண்ணியையோ உவர்க் கிணற்றுத் தண்ணியையோ தொட்டியில் கலந்தால் ஐதரசனுக்குப் பதில் அழுகிய முட்டை வாடைதான் மிஞ்சும். படலம் ஒட்டுவதற்குத் தும்பு தாராளமாக இருக்கிறது.

இதை வாசித்துவிட்டு எந்தப் பிள்ளையும் வீட்டுக் கொல்லையில் பரலை மூடிவைத்து முயன்று பார்க்கக் கூடாது. ஐதரசன் காற்றில் 4 வீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், 75 வீதம் வரை பிடிக்கும். அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஐதரசன் சல்பைட்டு அளவு மிஞ்சினால் முதலில் மூக்கின் மணக்கும் சக்தியைக் கெடுத்துவிட்டுத்தான் ஆளைக் கொல்லும். மூடிய குழிக்குள் இறங்கியவரும் அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து மாள்வது இப்படித்தான்.

மில்காரர் ஒருவர் நாளைக்கே தொடங்க விரும்பினால் அவருக்கு ஐதரசன் தொட்டி வேண்டாம், மெதேன் தொட்டி போதும். அதற்குப் பரம்பரையலகுத் திருத்தமும் வேண்டாம், சேறு அவிக்கவும் வேண்டாம். மாட்டுச் சாணம் போட்டுத் தொடங்கலாம், அந்த மெதேனிலேயே அடுத்த அவியலுக்கு அடுப்பெரிக்கலாம். கட்டும்போது அதற்கு முன்னால் சின்னத் தொட்டி ஒன்றுக்கு இடம் விட்டு, குழாய் வாயையும் வைத்து அடைத்துவிட்டால், ஐதரசனை அயலவர் வாயிலிருந்து காப்பாற்றும் வழி ஆய்வுகூடத்தைத் தாண்டி மலிவாக வரும் காலத்தில் அந்த வாயைத் திறந்துகொள்ளலாம்.